வானுக்குள் கழற்றி மாட்டும் கட்டில்: திருமலை வெக்கைக்கும் உப்புக் காற்றுக்கும் எது தாங்கும்?

உப்புவெளி வான்காரன்:

வணக்கம். என்னிடம் ஒரு டொயோட்டா ஹயஸ் டொல்பின் வான் இருக்கிறது. கிழமை நாட்களில் பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிற வான். சனி ஞாயிறுகளில் மனைவியும் நானும் அதிலேயே எங்காவது போய்ப் படுத்தெழும்பி வர வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. குச்சவெளி, புல்மோட்டைப் பக்கம், வெருகல் பக்கம், ஏப்ரல் விடுமுறையில் நுவரெலியா. சீசன் நேரம் நிலாவெளியில் அறை எடுக்கிற காசு எங்களுக்குக் கட்டாது.

அளந்து வைத்திருக்கிறேன். சாரதி இருக்கைக்குப் பின்னாலிருந்து பின் கதவு வரை 102 அங்குலம். தரையிலிருந்து கூரைக்கு 52 அங்குலம். கட்டில் வருகிற மட்டத்தில் அகலம் 58 அங்குலம். பின் சில்லு மூடிகளுக்கு இடையில் 44 அங்குலம்தான், அந்த மூடிகளின் உயரம் 10 அங்குலம். குறுக்கே படுக்க வழியில்லை, நீளவாட்டில்தான் படுக்க வேண்டும்.

நான் நினைத்திருப்பது: 18 மில்லிமீற்றர் பிளைவூட்டில் மூன்று துண்டாக ஒரு தட்டு, உயரம் 20 அங்குலம். கீழே ஐஸ் பெட்டி, அடுப்பு, உடுப்புப் பை, தண்ணீர்க் கான் எல்லாம் போய்விடும். ஒரு நிபந்தனை இருக்கிறது. ஞாயிறு பின்னேரம் எல்லாம் வெளியே வந்து இருக்கைகள் திரும்பப் பூட்டப்பட வேண்டும். திங்கள் காலை ஆறரைக்குப் பிள்ளைகள் வாசலில் நிற்பார்கள்.

வானுக்குள் கட்டில் செய்தவர்கள், மர வேலை தெரிந்தவர்கள் சொல்லுங்கள். இது சரிவருமா?

கிண்ணியா ஓடாவி:

தம்பி, முதலில் உயரக் கணக்கைப் பார்ப்போம். 52 இல் 20 போனால் 32. அதில் மெத்தைக்கு ஒரு 3 அங்குலம் போனால் மிச்சம் 29. ஐந்தரை அடி ஆள் நிமிர்ந்து உட்கார 35 அங்குலமாவது வேண்டும். 29 அங்குலத்துக்குள் குனிந்தபடி சட்டை மாற்றிப் பாருங்கள், அப்போது தெரியும். மழை பிடித்துக்கொண்டால் உள்ளே இருந்து ஒரு தேத்தண்ணி குடிக்கவும் இடம் இருக்காது. கீழே சாமான் வைக்கிற இடத்துக்காக மேலே இருக்கிற மனிதர் ஏன் முதுகு வளைய வேண்டும்?

சில்லு மூடி 10 அங்குலம். அதைத் தாண்டினால் போதும். மூடிக்கு மேல் கொஞ்சம் இடைவெளி, 2 அங்குலச் சட்டம், அதன் மேல் முக்கால் அங்குலப் பலகை. மேல் மட்டம் 13 அங்குலத்தில் வந்து நிற்கும். மெத்தை 3 என்றால் தலைக்கு மேல் 36 அங்குலம் கிடைக்கும். கீழே 10 அங்குலம் உயரமான பெட்டிகள் போகும். ஐஸ் பெட்டி போகாது, அது வேறு இடத்தில் இருக்கட்டும்.

அடுத்தது பலகை. 8க்கு 4 அடி, 18 மில்லிமீற்றர் பிளைவூட் ஒரு தாள் 30 கிலோவுக்குக் கிட்ட நிறுக்கும். அதைக்கூடத் தூக்கிவிடலாம். என் கவலை வேறு. நம்முடைய வெக்கையில் இரண்டு பேர் இரவு முழுக்க வேர்க்கிற வேர்வை மெத்தைக்குள் இறங்கும். கீழே மூடிய பலகை இருந்தால் அந்த ஈரம் எங்கே போகும்? மெத்தைக்கும் பலகைக்கும் நடுவில் நின்று பூஞ்சணம் பிடிக்கும். தும்பு மெத்தை என்றால் மணம் வந்துவிடும், ஸ்பொஞ்ச் என்றால் கறுப்புப் புள்ளி விழும். வீட்டுக் கட்டிலுக்கு இடைவெளி விட்டுச் சட்டம் அடிப்பது அழகுக்காக இல்லை.

ஆகவே சட்டம் போடுங்கள். 3 அங்குல அகலம், முக்கால் அங்குலத் தடிப்பு, இடையில் ஒன்றரை அங்குல இடைவெளி. இரண்டு மூன்று நைலோன் பட்டியில் எல்லாச் சட்டத்தையும் ஸ்குரு அடித்துக் கோர்த்தால் பாயைப் போல் சுருட்டி எடுத்து வீட்டுக்குள் வைக்கலாம். பழைய சீட் பெல்ட் பட்டி கிடைத்தால் அதைவிட நல்லது வேறில்லை.

சாம்பல்தீவான்:

கட்டிலே எதற்கு என்று கேட்கிறேன். இருக்கையைக் கழற்றி, தரையில் ஒரு றப்பர் விரிப்பு, அதன் மேல் பாய், நுளம்பு வலை. முடிந்தது. எங்கள் அப்பாமார் கதிர்காமத்துக்குக் கரைப்பாதையில் நடந்து போனபோது மண்ணில் படுத்தார்கள். தலைக்கு மேல் 36 அங்குலத்துக்குப் பதில் 50 அங்குலம் கிடைக்கும், ஒரு சதமும் செலவில்லை. பாரம் ஏற ஏற டீசலும் கூடும், ஸ்பிரிங்கும் இறங்கும். வானில் எதையும் கூட்டாமல் போவதே பெரிய சுகம் என்பது என் கருத்து.

உப்புவெளி வான்காரன்:

அண்ணை, அதையும் யோசித்தேன். இரண்டு காரணத்தால் விட்டேன். டொல்பினுக்கு என்ஜின் முன் இருக்கைக்குக் கீழே. ஹபரணையிலிருந்து ஓடி வந்து நிறுத்தினால் முன் பக்கத் தரை நெடுநேரம் சூடாகவே இருக்கும். பாய் அந்தச் சூட்டைத் தடுக்காது. மற்றது, தரையில் படுத்தால் சாமான் எல்லாம் எங்கே போகும்? படுக்கிறபோது முன் இருக்கைக்கு ஏற்ற வேண்டும், விடிந்ததும் திரும்பப் பின்னால் போட வேண்டும். மனைவிக்கு முழங்கால் வருத்தமும் இருக்கிறது, தரையிலிருந்து எழும்புவது கஷ்டம்.

ஓடாவி நானா, சட்டம் 58 அங்குலத்துக்குக் குறுக்கே போனால் நடுவில் முறியாதா? எந்த மரம் நல்லது?

கிண்ணியா ஓடாவி:

நடுவில் ஒரு தாங்கு கொடுக்க வேண்டும். இரண்டு ஓரமும் நடுவும் சேர்த்து நீளவாட்டில் மூன்று சட்டம் ஓடினால், குறுக்குச் சட்டம் 27, 28 அங்குலத்துக்கு மேல் தனியே நிற்காது. முக்கால் அங்குலம் அதற்குத் தாராளம்.

மரம் என்று வந்தால் நம்முடைய பக்கத்தில் எல்லாரும் முதிரை என்பார்கள். வலிமையில் குறை சொல்ல முடியாது, ஆனால் கனம். கிழமைக்கு ஒரு தரம் தூக்கி இறக்குகிற சாமானுக்கு முதிரை வேண்டாம். மலைவேம்பு கனமே இல்லை, ஆனால் மென்மை, ஸ்குரு நாளடைவில் இளகும். தேக்கு இரண்டுக்கும் நடுவில் நிற்கும். அதன் எண்ணெய்ப் பசைக்குப் பூச்சியும் ஈரமும் இலேசில் அண்டாது. புதுத் தேக்கு வாங்க வேண்டாம், பழைய வீடு இடிக்கிற இடத்தில் யன்னல் சட்டம், கதவுச் சட்டம் விற்பார்கள். நன்றாகக் காய்ந்த மரம், இனி வளையாது. ஆணி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாளில் கொடுங்கள். பைன் மலிவு, ஆனால் முடிச்சு நடுவில் வராத துண்டாகப் பொறுக்க வேண்டும். முறிந்தால் முடிச்சில்தான் முறியும்.

பின் கதவுப் பக்கம் கடைசி 24 அங்குலத்துக்கு மட்டும் 18 மில்லிமீற்றர் பிளைவூட் போடலாம். முக்கால் அங்குலச் சட்டத்தோடு மட்டமாக வரும். கதவைத் திறந்து வைத்து அதில் உட்காரலாம், காய்கறி வெட்டலாம். கால் வருகிற பக்கம் அது, வேர்வையும் குறைவு. மீதி 48 அங்குலத்துக்குச் சட்டம். 11 சட்டமும் இடையில் 10 இடைவெளியும் சரியாக 48க்கு வரும், கணக்குப் பார்த்துவிட்டேன். 8க்கு 4 தாளில் 58க்கு 24 அளவில் இரண்டு துண்டு வெட்டலாம், வாள் தின்னுகிற கொஞ்சம் மட்டும் குறையும். ஒன்று கட்டிலுக்கு, மற்றது வெளியே போட மேசைக்கு.

பிளைவூட் வாங்கும்போது கொதிநீருக்கும் விடாத பசை ஒட்டியதா என்று கேளுங்கள். சாதாரண உள்வீட்டுப் பிளைவூட் கடற்கரை ஈரத்தில் ஒரு மாரியோடு அடுக்கடுக்காய்ப் பிரியும். எந்தத் தாளானாலும் வெட்டிய விளிம்புக்கு இரண்டு மூன்று தடவை வார்னிஷ் கொடுக்க வேண்டும். தண்ணீர் முகத்தால் போவதைவிட விளிம்பால்தான் அதிகம் போகும்.

சீனக்குடா வெல்டிங்:

ஓடாவி சொன்ன மூன்று நீளச் சட்டமும் அலுமினியம் பொக்ஸ் பாரில் செய்யுங்கள், 2க்கு 1 அங்குலம், நிமிர்த்தி வைத்து. இரும்பு பொக்ஸ் பார் மலிவுதான், வெல்டிங்கும் சுகம். ஆனால் நம்முடைய கடற்காற்றில் உள்பக்கத்தால் கறல் பிடிக்கும், வெளியே பெயின்ட் புதுசாகவே இருக்கும். உங்களுக்குத் தெரியவே வராது.

அலுமினியத்திலும் ஒரு விஷயம் இருக்கிறது. வேறு உலோகத்தோடு ஒட்டி உப்பு ஈரம் பட்டால் அலுமினியம்தான் அரிபடும், வெள்ளை மாவு போல் கிளம்பும். அதனால் வான் தரையில் நேரே இருத்தாமல் அடியில் டியூப் றப்பர் துண்டு வையுங்கள். போல்டுக்கு நைலோன் வோஷர் போடுங்கள். போல்ட் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். 304 தரத்துக்கும் கடலோரத்தில் மண்ணிறக் கறை விழும். மீன்பிடிப் படகுச் சாமான் விற்கிற கடையில் 316 கேளுங்கள், அதில் மொலிப்டினம் கலந்திருப்பதால் உப்பை நன்றாகத் தாங்கும். நட் எல்லாம் உள்ளே நைலோன் வளையம் உள்ளதாக இருக்கட்டும், எங்கள் வீதி அதிர்வுக்கு மற்றது கழன்றுவிடும்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. வான் தரையில் புதிதாக ஒரு துளையும் போடாதீர்கள். கீழே பிரேக் குழாய் ஓடுகிறது, எண்ணெய்த் தாங்கி இருக்கிறது, வயர் போகிறது. இருக்கை பூட்டியிருக்கிற அதே துளைகள் போதும். இருக்கையைத் தாங்கவென்றே கொம்பனி பலப்படுத்திய இடம் அது. கட்டில் காலுக்கு அடியில் ஒரு தட்டு வைத்து அந்தத் துளைக்கு நேரே துளையிட்டால் அப்படியே உட்காரும். நிரந்தரமாக ஒன்றும் மாற்றாதபடியால் பதிவுப் புத்தகத்தில் எழுதியிருக்கிற இருக்கை எண்ணிக்கையிலும் கை வைக்க வேண்டி வராது. இருக்கைகளை ஒரேயடியாக எடுத்துவிட யோசிப்பவர்கள் முதலில் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

நிலாவெளித் தென்றல்:

நான் ஒன்று கேட்கட்டுமா? ஏன் எல்லா இருக்கையையும் கழற்றுகிறீர்கள்? நீளம் 102 அங்குலம் என்று எழுதியிருக்கிறீர்கள். கட்டில் 72 அங்குலம். மிச்சம் 30 அங்குலத்தில் முதல் வரிசை இருக்கை அப்படியே இருக்கலாமே. பகலில் ஒருவர் கால் நீட்டிப் படுக்கலாம், மாமியார் வந்தால் அவர் இருக்கலாம், கழற்றிப் பூட்டுகிற வேலையும் குறையும்.

அதைவிடப் பெரிய காரணம், அந்த இருக்கை ஒரு தடுப்பு. கந்தளாய்க்கும் ஹபரணைக்கும் நடுவில் இரவில் யானை வீதிக்கு ஏறும். எங்கள் பக்கத்து வீதிகளில் மாடு படுத்திருக்கும். நின்ற இடத்தில் பிரேக் அடித்தால் 40 கிலோப் பெட்டி ஒன்று 30 கிலோ அளவு விசையோடு முன்னே தள்ளும். மோதிவிட்டால் அதைப்போல் பல மடங்கு. கழுத்துக்குப் பின்னால் தண்ணீர்க் கானையும் காஸ் அடுப்பையும் கட்டாமல் ஏற்றிக்கொண்டு ஓடுவதை நினைக்கவே எனக்குப் பயமாக இருக்கிறது. கட்டிலுக்குக் கீழே வைக்கிற ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு பட்டி போட்டு அலுமினியக் காலோடு இறுக்குங்கள்.

உப்புவெளி வான்காரன்:

அக்கா, இது எனக்குத் தோன்றவே இல்லை. முதல் வரிசை அப்படியே இருக்கட்டும். பின் வரிசைகளை மட்டும் கழற்றுகிறேன்.

தம்பலகாமத்தான்:

ஓடாவியோடு ஒரு இடத்தில் எனக்கு ஒத்துவரவில்லை. சட்டம் காற்றுக்கு நல்லது, ஓம். ஆனால் புல்மோட்டை வீதியில் உள் ஒழுங்கைக்கு இறங்கினால் மணல் தூசு கிளம்பும். தரையில் படிகிற தூசெல்லாம் இடைவெளியால் மேலே வந்து மெத்தையில் ஏறும். மூடிய பலகை என்றால் கீழே கீழேதான், மேலே மேலேதான். பிளைவூட்டில் ஒன்றரை அங்குலத் துளைகளை வரிசையாகப் போட்டுவிட்டால் காற்றும் வரும், தூசும் குறையும். என் வண்டியில் அப்படித்தான் இருக்கிறது, மெத்தையில் பூஞ்சணம் இல்லை.

கிண்ணியா ஓடாவி:

உங்கள் வண்டியில் கட்டில் நிரந்தரமாக இருக்கிறது என்று நினைக்கிறேன். அப்படியென்றால் துளைப்பலகை நல்ல வேலைதான், நான் மறுக்கவில்லை. இந்தத் தம்பிக்குக் கிழமைதோறும் கழற்ற வேண்டும். 58க்கு 48 அளவில் ஒரு பலகையை ஒற்றை ஆள் பின் கதவால் இழுத்து எடுத்து, வீட்டுக்குள் சாய்த்து வைக்க ஒரு சுவர் தேட வேண்டும். சுருட்டுகிற சட்டத்துக்கு ஒரு மூலை போதும்.

தூசுக்கு ஒரு வழி: சட்டத்துக்கு மேல் மெல்லிய பருத்தித் துணி ஒன்றை விரித்துவிட்டு மெத்தையைப் போடுங்கள். காற்றை விடும், தூசைப் பிடிக்கும், வந்ததும் தோய்க்கலாம். ரெக்சின் மட்டும் வேண்டாம், அது மூடிய பலகையைவிட மோசம்.

அலஸ்தோட்டக் கரைவலை:

கட்டிலுக்கு அடியில் காற்று வர வேண்டும் என்று பேசுகிறீர்கள். முதலில் வானுக்குள் காற்று வர வேண்டும். அது வானை எந்தப் பக்கம் திருப்பி நிறுத்துகிறீர்கள் என்பதில் இருக்கிறது. கடற்கரையில் வந்து நிறுத்துகிறவர்கள் அநேகம் பேர் கடலைப் பார்த்தபடி பின் கதவைத் திறந்துவிட்டுக் காற்று வரும் என்று காத்திருக்கிறார்கள். பகலில் வரும். சூரியனில் தரை கெதியாகச் சூடாகிவிடும், அப்போது கடலிலிருந்து காற்று உள்ளே ஏறும். இரவில் தரை கடலைவிடக் கெதியாகக் குளிரும், காற்று தரையிலிருந்து கடலுக்குத் திரும்பிவிடும். போதாததற்கு மே மாதத்திலிருந்து செப்ரெம்பர் மட்டும் கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று வீசுகிற காலம், அதுவும் மேற்காலதான். ஆகவே சீசன் இரவுகளில் எங்கள் கரையில் காற்று நிலப்பக்கமிருந்து வரும். நிலப்பக்க யன்னலைத் திறவுங்கள், கடல்பக்க யன்னலையும் திறவுங்கள். ஒன்றால் வந்து மற்றதால் போக வேண்டும். ஒன்றை மட்டும் திறந்தால் எவ்வளவு பெரிய யன்னல் என்றாலும் உள்ளே காற்று ஓடாது.

இதில் இன்னொரு நன்மை, நிலக்காற்றில் உப்புத் தூவானம் குறைவு. ஐப்பசி தொடங்கித் தை வரைக்கும் கதை வேறு. வாடைக்காலத்தில் கடலிலிருந்தே காற்றும் மழையும் அடிக்கும். அந்த மாதங்களில் கரையில் படுக்க வராதீர்கள், உள்ளூருக்குள் மரம் இல்லாத மேட்டு நிலமாகப் பாருங்கள். காய்ந்த மணலென்று நம்பி வானையும் கரைக்கு இறக்காதீர்கள். டொல்பினுக்குப் பின் சில்லு மட்டும்தான் இழுக்கும், புதைந்தால் கயிறு போட்டு இழுக்க நாங்கள்தான் வர வேண்டும்.

பாலையூற்று பற்றரி:

காற்று ஓடாத இரவுக்கு ஒரு ஃபான். 12 வோல்ட், 12 வாட் சின்ன ஃபான் ஒன்று 8 மணித்தியாலம் ஓடினால் 96 வாட் மணி, அதாவது பற்றரியில் 8 அம்பியர் மணி. இரண்டு ஃபானுக்கு 16. ஈயப் பற்றரி என்றால் பாதிக்கு மேல் இறக்கக் கூடாது, ஆயுள் போய்விடும். 50 அம்பியர் மணிப் பற்றரி ஒன்று தனியாக இருந்தால் ஒரு இரவு கவலையில்லாமல் போகும். லித்தியம் இரும்புப் பொஸ்பேற் வகையில் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் எடுக்கலாம், பாரமும் மூன்றில் ஒரு பங்கு மாதிரி. விலை உங்கள் தீர்மானம். வானை ஸ்ராட் பண்ணுகிற பற்றரியில் மட்டும் ஃபானை மாட்ட வேண்டாம், விடிய வான் எழும்பாது. பற்றரியை விட்டு வெளியே வருகிற வயரில் முதல் சாண் தூரத்துக்குள் பியூஸ் இருக்க வேண்டும். மரமும் ஸ்பொஞ்சும் துணியும் நிறைந்த பெட்டிக்குள் படுக்கிறீர்கள், இதை இலேசாக எடுக்காதீர்கள்.

இதையும் எழுதியே ஆக வேண்டும். வெக்கை தாங்காமல் என்ஜினை ஓடவிட்டு ஏசி போட்டுத் தூங்குகிற பழக்கம் சிலருக்கு இருக்கிறது. நின்ற வானின் புகை அடியால் சுற்றி உள்ளே வரும். கார்பன் மொனொக்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை, தூங்குகிறவருக்குத் தெரியவே தெரியாது. டீசல் வான் என்றாலும் அப்படித்தான். கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளே காஸ் அடுப்பு பற்றவைப்பதும் அதே ஆபத்து. சமையல் வெளியே, வானத்துக்குக் கீழே.

நிலாவெளித் தென்றல்:

நுளம்பைப் பற்றி ஒருவரும் விரிவாக எழுதவில்லை. யன்னலைத் திறந்தால் வலை வேண்டும். வலைத் துணியை யன்னலைவிட நாலு விரல் பெரிதாக வெட்டி, ஓரத்தில் மடித்துத் தைத்து, உள்ளே சின்னக் காந்தங்களைப் போட்டால் கதவுத் தகட்டில் தானாக ஒட்டும். பின் கதவுக்கு மேலே வெல்குரோ, கீழே பாரத்துக்கு ஒரு கயிறு. இலங்கையில் மலேரியா இல்லை என்று 2016 இல் உலக சுகாதார நிறுவனம் சான்றிதழ் தந்துவிட்டது, ஆனால் டெங்கு இருக்கிறது. டெங்கு நுளம்பு பகலில் கடிக்கிறது, அதிலும் விடிகாலையும் பின்னேரமும். ஆகவே வலையை இரவுக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். நுளம்புச் சுருளை அடைத்த வானுக்குள் கொளுத்த வேண்டாம், அந்தப் புகையை இரவு முழுக்க நீங்கள்தான் குடிப்பீர்கள்.

எங்கே நிறுத்துவது என்பதும் பெண்களுக்குப் பெரிய கேள்வி. என் விருப்பம், தெரிந்தவர் வளவு அல்லது விருந்தினர் விடுதி வளவு. வானை நிறுத்தி இரவுக்கு ஒரு சிறு தொகை தருகிறோம், கழிவறையும் கிணறும் பாவிக்க விடுங்கள் என்று கேட்டால் சீசன் இல்லாத காலத்தில் அநேகம் பேர் சம்மதிப்பார்கள். புறாமலை தேசியப் பூங்கா, அங்கே இரவு தங்குகிற எண்ணமே வேண்டாம். காட்டுத் திணைக்களக் காணிக்குள் அனுமதியில்லாமல் நுழையவும் வேண்டாம். குளக்கட்டில் நிலா வெளிச்சத்தில் படுக்க வடிவாகத்தான் இருக்கும், ஆனால் யானை தண்ணீருக்கு வருகிற வழியும் அதுதான். அந்த ஊர் மனிதர் ஒருவரிடம் பின்னேரமே கேட்டுவிட்டு நிறுத்துங்கள்.

ஹட்டன் பிள்ளை:

நுவரெலியா என்று பார்த்தேன், அதனால் எழுதுகிறேன். 1868 மீற்றர் உயரம். ஜனவரி, பெப்ரவரியில் புல்லில் உறைபனி விழுகிற ஊர், ஏப்ரல் இரவும் உங்களுக்குக் குளிராகத்தான் இருக்கும். திருமலைக்குச் செய்கிற சட்டக் கட்டில் அங்கே உங்களுக்கு எதிராக வேலை செய்யும். மேலே எத்தனை போர்வை போர்த்தாலும் சட்ட இடைவெளியால் கீழிருந்து குளிர் ஏறும். போகும்போது யோகா செய்கிற, காற்றுப் புகாத ஸ்பொஞ்ச் விரிப்பு இரண்டை மெத்தைக்குக் கீழே போட்டால் சரி, திரும்பி வந்ததும் எடுத்துவிடுங்கள். குளிர் என்று எல்லா யன்னலையும் இறுக்கி மூடாதீர்கள். இரண்டு பேர் மூச்சின் ஈரம் கண்ணாடியில் படிந்து விடிகாலையில் ஒழுகும், மெத்தையும் நனையும். எதிரெதிர் யன்னல் இரண்டை இரண்டு விரல் திறந்து வையுங்கள். ஏப்ரலில் சீசன் நேரம் ஊருக்குள் வான் நிறுத்த இடம் கிடைப்பதே கஷ்டம், முன்பே ஒரு வளவு பேசிவிட்டு வாருங்கள் அண்ணா.

சாம்பல்தீவான்:

எல்லாம் வாசித்தேன். சட்டமும் அலுமினியமும் பற்றரியும் சேர்த்தால் செலவு ஏறிக்கொண்டே போகிறது. நான் இன்னும் பாயோடுதான் நிற்கிறேன். ஆனால் உங்கள் மனைவியின் முழங்கால் வருத்தத்துக்குக் கட்டில் வேண்டும் என்பது நியாயம். அப்படியென்றால் மேல் மட்டம் 13 அங்குலமும் மெத்தை 3 அங்குலமும் சேர்ந்து 16 வரும், அது கதிரை உயரத்துக்குக் கிட்ட. பின் கதவைத் திறந்து உட்கார்ந்து எழும்ப அவருக்குச் சுகமா என்று வீட்டில் ஒரு பெட்டியை அடுக்கிப் பார்த்துவிட்டு வெட்டுங்கள்.

உப்புவெளி வான்காரன்:

நல்லது அண்ணை, அப்படியே பார்க்கிறேன். வானுக்குள் கூரை இடிக்காமல் இருக்கவும் வேண்டும், வெளியிலிருந்து உட்காரவும் வேண்டும், இரண்டுக்கும் 16 சரியாக வருகிறது போலத் தெரிகிறது.

இப்போது என் திட்டம் மாறிவிட்டது. முதல் வரிசை இருக்கை நிற்கும். அதற்குப் பின்னால் மூன்று அலுமினியச் சட்டம், இருக்கைத் துளைகளில் பூட்டுகிற கால்கள். 48 அங்குலத்துக்குச் சுருட்டுகிற தேக்குச் சட்டம், பின்னால் 24 அங்குலப் பிளைவூட். மெத்தையும் இரண்டு துண்டு. ஃபானுக்குத் தனிப் பற்றரி முதல் வரிசை இருக்கைக்குக் கீழே, பட்டி போட்டு.

ஒரு கவலை மட்டும் மிச்சம். கிழமைக்கு ஒரு தரம் இருக்கைப் போல்டைக் கழற்றிப் பூட்டினால் மரை தேயாதா? பிள்ளைகள் இருக்கிற இருக்கை.

சீனக்குடா வெல்டிங்:

கட்டாயம் கவனிக்க வேண்டியதுதான். ஒவ்வொரு தரமும் மரையைத் துணியால் துடைத்து, முதல் நாலைந்து சுற்றைக் கையாலேயே ஏற்றுங்கள். கையால் ஏறாவிட்டால் கோணலாகப் போகிறது என்று அர்த்தம், ஸ்பானரைப் போடாதீர்கள், திரும்பக் கழற்றுங்கள். கடைசி இறுக்கத்துக்கு டோர்க் ஸ்பானர், வானின் கைநூலில் சொன்ன அளவுக்கு. கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம். இருக்கைப் போல்டும் கட்டில் போல்டும் வேறு வேறு டப்பாவில் இருக்கட்டும், ஒன்றை மற்றதுக்குப் போடக் கூடாது. மரை கொஞ்சம் இளகினாலும் அந்தப் போல்டைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதிது வாங்குங்கள். பூட்டி முடிந்ததும் ஒவ்வொரு இருக்கையையும் இரண்டு கையாலும் பிடித்து ஆட்டிப் பார்க்காமல் திங்கள் காலை வானை எடுக்க வேண்டாம்.

கட்டில் காலையும் முதல் பயணத்தில் கந்தளாயில் நிறுத்தி ஒரு தரம் இறுக்குங்கள். புது வேலை முதல் ஓட்டத்தில் இளகிக் கொடுக்கும். கிறீச் என்று சத்தம் வந்தால் சட்டம் அலுமினியத்தில் உரசுகிறது, இடையில் சைக்கிள் டியூப் துண்டு ஒட்டினால் நின்றுவிடும்.

கிண்ணியா ஓடாவி:

அலுமினியக் காலைப் பூட்டி முடித்துவிட்டு வாருங்கள் தம்பி, அதற்கு முன் மரத்தை வெட்ட மாட்டேன். வான் பக்கச் சுவர் நேர்கோடு இல்லை, மேலே போகப் போக உள்ளே வளையும். 58 என்பது ஒரு இடத்தில் எடுத்த அளவு. ஒவ்வொரு சட்டமும் விழுகிற இடத்தில் தனித்தனியே அளந்து, இரண்டு பக்கமும் கால் அங்குலம் விட்டு வெட்ட வேண்டும், இல்லாவிட்டால் வான் ஆடும்போது தகட்டில் இடிக்கும். பழைய யன்னல் சட்டம் நாலைந்து என்னிடமே கிடக்கிறது, போதாததைத் தேடுவோம். சனிக்கிழமை காலை பாலம் தாண்டி வந்ததும் கோல் எடுங்கள்.

உப்புவெளி வான்காரன்:

வருகிறேன் நானா. பின் வரிசைகளை வெள்ளி இரவே கழற்றிவிட்டு, வெறும் வானாகக் கொண்டுவருகிறேன்.